நில்மினியின் நெடில்

வெள்ளவத்தையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே
பாய் எட்டு, மின்விசிறி ஒன்று, அதுவும் ஆடுகிறது.
ஜன்னலுக்கு அப்பால் மரைன் டிரைவ், தண்டவாளம், கடல்.
செவ்வாயும் வெள்ளியும், மாலை ஆறேகால்.
ஒபிஸ் ட்ரெயின் போகும்போது சுவர் நடுங்கும்.
நில்மினி எண்ணுவதை நிறுத்துவாள்.
மூச்சை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தொண்டையில் வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருப்போம்.

நான் ஜெயகௌரி. மருந்துக் கடையில் பதினொரு வருடம்.
முதலில் முதுகுவலிக்கென்று பாதி மாத்திரை,
பிறகு வலிக்காத முதுகுக்கும் ஒன்று,
பிறகு கணக்குப் புத்தகத்தில்
'சேதம்' என்று நானே எழுதிய பெட்டிகள்.
யாரும் என்னைக் குடிகாரி என்று சொல்லவில்லை.
வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை,
சேலை மடிப்புக்கூடக் கலையவில்லை.
மகள் விளையாட்டுப் போட்டியில் ஓடினாள்.
அவள் ஓடி முடித்தது மட்டும் என்னிடம் இல்லை.

எல்லோரும் சொன்னார்கள்: விடு.
டொக்டர் சொன்னார், பேனையை மூடிக்கொண்டே.
கணவர் சொன்னார், முதலில் சத்தமாக,
பிறகு சத்தமே இல்லாமல்.
இங்கே நில்மினியும் அதையேதான் சொல்கிறாள்.
இழு. வை. விடு.
பாதித் தமிழில் அவளுக்கு அந்தக் குறில் நிற்பதில்லை,
நாலு எண்ணும் நீளத்துக்கு இழுபட்டு
"வீடு" என்றாகிவிடுகிறது.
யாரும் திருத்தவில்லை.
பழைய நூல்களில் வீடு என்றால் விடுதலை.
பேர்டினண்டுக்கு வீடு என்றால்
மனைவி பூட்டு மாற்றிய கதவு.

ஆசை ஓர் அலை, என்றாள் ஒருநாள், கடலைக் காட்டி.
வரும், உயரும், உடையும். பார்த்துக்கொண்டிருங்கள்.
பேர்டினண்ட் சிரித்தார்:
"முப்பது வருஷம் இந்த அலையைப் பார்த்துக்கொண்டுதான் குடிச்சனான், பிள்ளை."
அப்போது ஹிசாம், த்ரீவீல் ஓட்டுகிறவன்,
ஐஸ் தின்ற பற்களைக் கையால் மறைத்தபடி:
"அலை இல்ல. நூற்றியொண்டு பஸ்.
கொண்டக்டர் தொங்கிக்கொண்டு ஒங்கட பேரச் சொல்லித்தான் கூப்பிடுவான்.
ஏறாட்டி என்ன? அவனுக்கு டைம். போயிருவான்.
அடுத்ததும் வரும், அதையும் சொல்லோணும்."
பஸ்ஸுக்கும் போதைக்கும்
ஏறுவது என்ற ஒரே வினையை வைத்திருக்கிறது எங்கள் பாஷை.
அன்று அதை யோசித்துக்கொண்டே
காலி வீதியில் மூன்று பஸ்ஸை விட்டேன்.

முப்பத்தெட்டாம் நாள் ஏறினேன்.

கைப்பையின் கிழிந்த லைனிங்குக்குள் விரல் போனது.
செய்ததெல்லாம் உள்ளே தடமாகக் கிடக்கும்,
சமஸ்காரம் என்பார்கள், என்று சொல்லியிருந்தாள்.
மனதுக்குள் என்று நினைத்திருந்தேன்.
சுட்டுவிரலின் நுனியில் இருந்தது.
தண்ணீர் இல்லாமல் விழுங்கினேன்.
முதுகு வலிக்கவில்லை. முன்னரும் வலித்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. படிகள் பதினான்கு.
ஏழாவதில் நின்று,
செருப்பு வார் அறுந்ததுபோல் நடித்தேன், யாரும் இல்லாத படியில்.
மேலே பேர்டினண்ட் தன் பாயைக் கொஞ்சம் நகர்த்தினார்.
ஹிசாம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"எத்தனை?" என்றாள் நில்மினி.
"ஒன்று."
நாள் என்று எடுத்தாளோ மாத்திரை என்று எடுத்தாளோ,
ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.
கையை நீட்டியபோது அவள் முழங்கை மடிப்பில்
நுளம்பு கடித்ததுபோல் வரிசையாய்ப் பழைய புள்ளிகள்.
இத்தனை நாள் நான் கடலைத்தான் பார்த்திருக்கிறேன்.

இழு.
வை.
ட்ரெயின் வந்தது. சுவர் நடுங்கியது.
அவள் நிறுத்தினாள்.
நான் நிறுத்தவில்லை, மூச்சு தானாகப் போய்க்கொண்டிருந்தது,
பெட்டி பெட்டியாக, மொரட்டுவைப் பக்கம்.

கீழே மகள் கணக்குப் பாஸ்ட் பேப்பர் கொப்பி எடுக்கிறாள்.
ஒவ்வொரு தாளுக்கும் மெஷினின் வெளிச்சம்
படிக்கட்டில் பாதிவரை ஏறி
இறங்குகிறது.